லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே

காலை 11 மணிக்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை விட்டுக் கிளம்பும் விமானம் அன்று பிற்பகல் 2 மணிக்கே நியூயார்க் கென்னடி விமான நிலையத்தை அடைகிறது என்றும், அங்கிருந்து மாலை 7 மணிக்குப் புறப்பட்டுத் திரும்பும் விமானம் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் லண்டன் வந்து சேர்கிறது என்றும் வைத்துக்கொண்டால், போக 3 மணியும் வர 12 மணியும் பிடிக்கும் பாதை பூமியில் உண்டா என்ற சந்தேகம் எழுவது சகஜமே. லண்டன் கடிகாரம் நியூயார்க் கடிகாரத்துக்கு 5 மணி நேரம் முந்தியது. அதைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், போக 8 மணி, வர 7 மணி என்று ஏற்படுகிறது. அப்போதும் ஒரு மணி நேரம் இடிக்கிறதே, அதற்கு என்ன காரணம்?

தூரம் நிச்சயமாகக் காரணமில்லை. மேஜைமேல் இருக்கும் பூகோள உருண்டையில், ஒரு நூலின் நுனியை லண்டன்மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை நியூயார்க்வரை விறைப்பாக இழுத்துப் பாருங்கள். தேசப்படத்தில் நாம் கோடு போடுகிறபடி போகாமல், அந்த நூல் முதலில் வடமேற்கே ஏறி, அயர்லாந்தைத் தாண்டி, நடுச்சமுத்திரத்தில் மெல்லத் தெற்கே திரும்பி, நியூபவுண்ட்லாந்துத் தீவில் காண்டர் என்ற ஊரின்மேல் ஏறக்குறையப் படிந்து, நியூயார்க்கை நோக்கி இறங்கும். பழைய விமானங்கள் ஒரே மூச்சில் சமுத்திரத்தைக் கடக்க முடியாத காலத்தில் பெட்ரோலுக்காக அந்தக் காண்டரில் இறங்கிச் சென்றது இந்த நூலின் மகிமையால்தான். நூலின் நீளத்தைக் கணக்கிட்டால் சுமார் 5,550 கிலோமீட்டர். போனாலும் வந்தாலும் அதுவே.

வித்தியாசம் முழுவதும் காற்றினால் விளைவது. விமானங்கள் செல்லும் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், துருவத்தின் குளிருக்கும் தெற்கேயுள்ள வெப்பத்துக்கும் நடுவே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று நதியைப் போல ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 100 என்று கொண்டால், எதிர்த்துப் போகிறவனுக்கு 800தான் மிஞ்சும். கூடவே வருகிறவனுக்கு 1,000 கிடைக்கும். முன்னதற்கு ஏறத்தாழ 7 மணி, பின்னதற்கு ஐந்தரை மணி. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதையும் இறங்குமுன் வட்டமிடுவதையும் சேர்த்தால் சீட்டில் அச்சிட்ட நேரம் வந்துவிடும்.

ஆகவே நூல் காட்டும் வழியை விமானிகள் அப்படியே பற்றிக்கொள்வதில்லை. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் அதே காண்டரிலும் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்கள் காற்றின் போக்கைப் பார்த்துச் சமுத்திரத்தின்மேல் அன்றன்றைக்குப் பாதைகளை வகுக்கின்றன. கிழக்கே வருகிறவர்கள் காற்றைத் தேடிப் போகிறார்கள். மேற்கே போகிறவர்கள், சில நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் சரியென்று, அதை விட்டு ஒதுங்குகிறார்கள். சுற்றுவழியே சுருக்கவழியாகும் இந்த விந்தை எனக்கு அலுப்பதே இல்லை.

2020 பிப்ரவரியில் பெரும்புயல் ஒன்று அட்லாண்டிக்கைக் கடந்தபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிஷத்தில் லண்டனில் இறங்கியது. தரையோடு ஒப்பிட்டால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை அது எட்டியிருந்தது. தன்னைச் சுமந்து வந்த காற்றுக்குள்ளோ, என்றும்போல் ஒலியின் வேகத்துக்குக் குறைவாகவே பறந்துகொண்டிருந்தது.