பழைய கதவு எங்கே காத்திருக்கும்?

எங்க தாத்தா வீட்டை இடிச்சப்போ தேக்கு நிலை, கதவு, மங்களூர் ஓடு எல்லாத்தையும் இடிப்புக் காண்ட்ராக்டர் மொத்தமாக விலை பேசி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வருடம் கழித்து மாமா வீடு கட்டினார். கதவு மட்டும் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை போட்டது. “ஏண்டா, அந்தக் கதவை வெச்சிருக்கலாமே” என்றாள் பாட்டி. “எங்கம்மா வைக்கிறது?” என்றார் மாமா.

கட்டுமானப் பொருட்களின் மறுபயன்பாடு பற்றிக் குறிப்பு எடுக்கும்போதெல்லாம் மாமாவின் கேள்விதான் வந்து நிற்கிறது. இடிக்கிறவருக்கு மனை உடனே காலியாகணும். கட்டுகிறவருக்கு அதே பொருள் தேவைப்படுவது பல மாதம் கழித்து. நடுவில் அது நனையாமல், அளவெடுத்து அடுக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி கிடக்க வேண்டும். உத்தரமும் கதவும் இடத்தை அடைக்கும், காசு மெதுவாகத்தான் வரும். கடைத்தெரு வாடகை கட்டுப்படியாகாது. மூடிய தொழிற்சாலையில் அகலமான கூடம், பாரம் தாங்கும் தரை, லாரி நுழையும் வாசல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

எனக்குப் பிடித்த உதாரணம் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ். அங்கே ரோட்டர் என்ற வடிவமைப்பாளர் குழு 2005-ல் தொடங்கியது. அதிலிருந்து வந்த ரோட்டர் டிசி என்ற கூட்டுறவு, ஆண்டர்லெக்ட் பகுதியில் ஒரு பழைய சாக்லேட் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் இயங்கியது. இடிபடப் போகும் கட்டடங்களிலிருந்து விளக்கு, கைப்பிடி, கழுவுதொட்டி, தரை ஓடு எல்லாம் கழற்றிவந்து, சுத்தம் செய்து, பொதுமக்களுக்கே விற்றார்கள்.

இதில் கஷ்டமான வேலை தரை ஓடுதான். ஓட்டின் முதுகில் ஒட்டிய சிமென்ட் லேசில் வராது. தட்டினால் ஓடு உடையும். அதைப் பிரித்தெடுக்கவே தனியாக ஒரு முறையை உருவாக்கினார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் தட்டினாலே பிரிந்து வரும், சிமென்டில் கட்டியது செங்கல்லோடு சேர்ந்து உடையும். நம்ம மங்களூர் ஓட்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை, சும்மா ரீப்பர் மேல் மாட்டியிருக்கும். பாட்டியின் வருத்தம் நியாயமானதுதான்!

சரி, கூடம் கிடைத்துவிட்டது. சரக்கு எப்படி வரும்? அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1998-லேயே ‘ரீபில்டிங் சென்டர்’ என்ற பழைய பொருள் மையம் வந்துவிட்டது. 2016-ல் நகராட்சி ஒரு விதி போட்டது: 1916-லோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது, கையால் பிரித்தெடுக்க வேண்டும். பின்னர் அந்த வரம்பு 1940 வரை நீண்டது. காலிக் கூடத்தைவிட இந்த மாதிரி விதி கிடைப்பது கடினம் என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காலித் தொழிற்சாலை மலிவாகக் கிடைப்பதே அந்த நிலம் வேறு எதற்கோ காத்திருப்பதால்தான். ரோட்டர் டிசியும் பிறகு ஆண்டர்லெக்டை விட்டு எவேர் பகுதிக்கு மாறியது. டன் கணக்கில் சரக்கு வைத்திருப்பவர்கள் வீடு மாறுவது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். சென்னையில் பெரம்பூர் பின்னி மில் மூடியபின் பல வருடம் சினிமா ஷூட்டிங் நடந்தது, அப்புறம் அடுக்குமாடிகள் எழுந்தன.

கோவைப் பக்கம் இன்னும் சில மில்கள் மூடிக் கிடக்கின்றன. அடுத்த தடவை போகும்போது கூரை எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை வருடக் குத்தகை கிடைக்கும் என்று விசாரித்து எழுதுகிறேன்.