ஆசிரியரின் காதில் ஓதும் இயந்திரம்

மாணாக்கன் பிழையான விடையொன்றைச் சொல்லிவிட்டு ஆசிரியரை நோக்கும் அந்த ஒரு கணத்திலேயே கற்பித்தலின் வெற்றியும் தோல்வியும் தீர்மானிக்கப்படுகின்றன. அனுபவம் முதிர்ந்த ஆசான் அவ்வேளையில் விடையைக் கூறார். மற்றுமொரு வினாவை எழுப்புவார். புதிதாகப் பணியேற்றவரோ பொறுமையிழந்து விடையைத் தாமே சொல்லி, பிள்ளை விளங்கிக்கொண்டதென அமைதியடைவார்.

முதியவரின் அந்நுட்பத்தை இளையவருக்குக் கைமாற்றுவது எங்ஙனம்? அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இதற்குச் செயற்கை நுண்ணறிவைத் துணைக்கழைத்தனர். 2024ஆம் ஆண்டு வெளியான அவர்தம் ஆய்வில் 900 ஆசிரியரும் 1,800 மாணாக்கரும் பங்குகொண்டனர். கணனி வழியே கணிதம் பயிலும் வகுப்புகள் அவை. ஆசிரியருள் ஒரு பகுதியினருக்கு மட்டுமே கருவி வழங்கப்பட்டது. மாணாக்கன் இடறும்போது ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்துவார். நடந்த உரையாடலை நோக்கிக் கருவி, அடுத்துக் கூறத்தக்க வாசகங்கள் சிலவற்றை முன்வைக்கும். அவற்றை ஏற்கலாம், திருத்தலாம், தள்ளலாம். கருவி மாணாக்கனோடு நேரே பேசுவதில்லை. கூத்திலே அடியெடுத்துக் கொடுக்கும் அண்ணாவியாரைப் போல ஆசிரியருக்கே அது துணைநிற்கிறது.

கருவி பெற்ற ஆசிரியரிடம் பயின்றோருள் பாடத்தில் தேர்ச்சியடைந்தோர் நூற்றுக்கு 4 பேர் அதிகம். இஃது அற்பமெனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால், திறன் குறைந்தோராக மதிப்பிடப்பட்டிருந்த ஆசிரியரின் மாணாக்கரிடையே அவ்வேறுபாடு 9 ஆயிற்று. நல்லாசிரியர் வாய்க்கப்பெறாத பிள்ளைக்கே பயன் மிகுதி! ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கான செலவு ஏறத்தாழ 20 டொலர்.

எண்களினும் எமக்குச் சுவையாயிருந்தது மற்றொன்று. அவ்வாசிரியர்கள் விடையைத் தாமே சொல்லிவிடுவதைக் குறைத்து, வினாக்களால் சிந்தனையைத் தூண்டினராம். சொற்களை வாரி வழங்கும் இயந்திரம் மனிதனுக்குச் சொல்லாதிருக்கக் கற்பித்தது விந்தையன்றோ!

நிற்க. மாணாக்கனின் வகுப்புக்குப் பொருந்தாத வாசகங்களையும் கருவி தந்ததாக ஆசிரியர் சிலர் குறைகூறினர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எச்சொல் விளங்கும் என்பதை அப்பிள்ளையை அறிந்தவரே சொல்லமுடியும். இரவல் வாசகத்தை ஊன்றிப் படியாமலே அனுப்புபவர் ஆசிரியரல்லர், தபாற்காரர்.

வேறொரு கவலையும் எமக்குண்டு. கூத்தில் அண்ணாவியார் அவையோர் காணவே நிற்கிறார். கணனித் திரையிலோ மாணாக்கன் காண்பது ஆசிரியரின் பெயர் ஒன்றையே. ஊக்கமூட்டும் ஒரு வார்த்தையைப் படித்து மகிழும் பிள்ளை, அது தன் ஆசிரியரின் உள்ளத்திற் பிறந்ததென்றே நம்பும். பின்னொரு நாள் உண்மை தெரியவந்தால், அவர் மெய்யாகவே மனமுவந்து சொன்ன வார்த்தைகளையும் அது ஐயுறாதோ? இத்தகைய கருவியைக் கையாளும் ஆசிரியர், தமக்கொரு துணையுண்டு என்பதை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.