காதுக்கு இனியதும் கைக்கு ஏற்றதும்

நம்மவர் இல்லங்களில் இந்நாளில் எழும் வழக்குகளுள் இயர்போனைப் பற்றியதும் ஒன்றாகிவிட்டது. கல்லூரியில் பயிலும் மகன் இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒன்றைக் காட்டி, "அப்பா, இதில் கேட்டால் பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும்" என்கிறான். தந்தையோ, "நானூறு ரூபாய்க்குக் கிடைப்பதிலும் அதே பாட்டுத்தானே வருகிறது?" என்கிறார். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் தொகையும் போக எஞ்சுவதைக் கொண்டு அயல் மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு இது சிறிய வழக்கு அன்று. இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. இருவர் கூற்றிலும் பிழையும் உண்டு.

காதுத் துளைக்குள் பொருந்துமாறு செய்யப்படும் இவ்வகை இயர்போன் இன்றுள்ள நிலையை எய்தியது செவிப்புலன் குன்றியோர்க்கான கருவிகளின் வழியாகவே என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். 1946இல் ஹ்யூ நோல்ஸ் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், செவித்துணைக் கருவிகளுக்குள் அடங்கக்கூடிய மிகச் சிறிய ஒலிப்பான்களைச் செய்து புகழ் பெற்றது. அவ்வகைச் சிற்றுறுப்புகளைக் கொண்டு எடிமோட்டிக் ரிசர்ச் என்னும் நிறுவனம் 1991இல் இசை கேட்பதற்கென்றே ஈ.ஆர்.-4 என்ற கருவியை வெளியிட்டது. 1995இல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர், மேடை இரைச்சலால் இடர்ப்பட்ட அலெக்ஸ் வான் ஹேலன் என்ற டிரம்ஸ் கலைஞருக்காக இத்தகைய கருவி ஒன்றைச் செய்து தந்தார். அதன்பின் மேடைக் கலைஞரிடமிருந்து தெருவில் நடப்போர் வரை இது பரவியது. 2016இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் வந்தபின் கம்பியும் மறையத் தொடங்கிற்று.

இக்கருவிக்குள் இருப்பது என்ன? ஒரு சிறு காந்தம், ஒரு சிறு கம்பிச்சுருள், அச்சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. மின்னோட்டத்துக்கேற்பச் சுருள் அசைய, சவ்வு அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. மற்றொரு வகையில் காந்தங்களுக்கிடையே நிற்கும் ஒரு சிறு உலோக நாக்கு சவ்வை அசைக்கிறது. இதுவே செவித்துணைக் கருவியிலிருந்து வந்த வகை. சில கருவிகளில் இவை இரண்டும் கலந்து ஐந்து, ஆறு, பத்து என வைக்கப்படுவதும் உண்டு. விற்பனையாளர் இந்த எண்ணிக்கையைப் பெரிதாகப் பேசுவர். ஆனால் 2021இல் சென்ஹைசர் நிறுவனம் 1,300 டாலர் விலையில் வெளியிட்ட ஐ.இ. 900 என்னும் கருவியில் ஒரு பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர் அளவுள்ள ஒலிப்பான் ஒன்றே இருந்தது. மறுபுறம் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சீனக் கருவிகளில் ஐந்து ஒலிப்பான்களை எண்ணலாம். எனவே உள்ளே எத்தனை இருக்கின்றன என்பது தரத்துக்கு அளவுகோல் ஆகாது.

பின் தரம் என்பது எதில் உள்ளது? பெரும்பாலும் கீழ்ச்சுருதி, நடுச்சுருதி, மேற்சுருதி ஆகிய ஒலிகள் ஒன்றையொன்று அமிழ்த்தாமல் தக்க அளவில் ஒலிக்கும் சமநிலையில்தான் உள்ளது. நம் காதின் மடலும் துளையும் இயற்கையாகவே ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. துளையை இயர்போனால் அடைத்துவிட்டால் அந்த இயற்கைப் பெருக்கம் மாறிவிடுகிறது. ஆதலால் கருவியே அதனை ஈடுசெய்து ஒலிக்க வேண்டும். எவ்வளவு ஈடுசெய்தால் மக்களுக்குப் பிடிக்கிறது என்பதை ஷான் ஆலிவ் முதலிய ஆய்வாளர்கள், கருவியின் பெயரும் விலையும் கேட்பவருக்குத் தெரியாதபடி மறைத்து வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தனர். பெரும்பான்மையோர் ஏறக்குறைய ஒரே வகையான சமநிலையையே விரும்புகின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிபு.

இம்முடிபு வெளியானபின் அதனைப் பின்பற்றுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை என்றாயிற்று. ஜெரூன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் ஒலிச் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை என்று 2017இல் அமெரிக்க ஒலியியற் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். காதின்மேல் அமர்வனவும் காதுக்குள் செல்வனவும் அவற்றுள் அடங்கும். 2022இல் மூன்டிராப் என்னும் சீன நிறுவனம் ஏறத்தாழ இருபது டாலர் விலையில் 'சூ' என்ற கருவியை வெளியிட்டபோது, பன்மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பிட்டு அதனைப் பலரும் பேசினர்.

அப்படியாயின் மிகுதிப் பணம் வீணே போகிறதா என்று கேட்கலாம். முற்றிலும் வீண் என்று நாம் கூறோம். உறுதியான கூடு, இடப்பக்கமும் வலப்பக்கமும் இம்மியும் பிசகாது ஒத்து ஒலித்தல், கழற்றி மாற்றத்தக்க கம்பி, நெடுநேரம் அணிந்தாலும் வலிக்காத வடிவம் ஆகியவற்றுக்கு விலை உண்டு. விளம்பரத்துக்கும் அலங்காரப் பெட்டிக்கும் கூடத்தான் விலை உண்டு! நானூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்கு ஏறும்போது தெரியும் வேறுபாடு பெரிது. தந்தையின் கூற்று இங்கே பிழையாகிறது. இரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்கு ஏறும்போது தெரியும் வேறுபாடோ சிறிது. அதனை உணர்வதற்கு அமைதியான அறையும் பழகிய காதும் வேண்டும். மகன் இதனை ஒப்ப மாட்டான். டிகாக்‌ஷன் நன்றாக இறங்கியிருந்தால் காப்பி நன்றாகவே இருக்கும். டம்ளர் பித்தளையா வெள்ளியா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

விலையைவிடப் பன்மடங்கு முக்கியமானதும் நம்மவர் பெரும்பாலும் கவனியாததும் ஒன்று உண்டு. அது கருவி காதிற் பொருந்தும் விதம். பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் ரப்பர் நுனிகள் வைத்திருப்பார்கள். கடையில் வாங்கியபோது மாட்டியிருந்த நடுத்தர அளவையே ஆண்டுக்கணக்கில் அணிந்துகொண்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவோர் எத்தனை பேர்! காதுத் துளை ஆளுக்கு ஆள் வேறுபடும்; ஒருவருடைய இரு காதுகளே ஒத்திரா. நுனிக்கும் தோலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ்ச்சுருதி ஒலி அவ்வழியே கசிந்து போய்விடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எழுப்பும் கும்கார ஒலி மறைந்து வலந்தலையின் ஓசை மட்டும் நிற்கும். இளையராஜாவின் பாடல்களில் பாடகருக்குக் கீழே தனிப் பாட்டாகவே ஓடும் பேஸ் கிதார் இருக்குமிடம் தெரியாது. "இந்த இயர்போன் சரியில்லை, இன்னும் விலையுயர்ந்தது வாங்க வேண்டும்" என்ற எண்ணம் பிறப்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஒரு சோதனை சொல்வோம். தம்புரா ஒலியை மட்டும் ஓடவிட்டு, இயர்போனை விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மந்தர ஒலி திடீரெனப் பெருகி, விரலை எடுத்ததும் மெலிந்தால், நுனியின் அளவு பொருந்தவில்லை என்பதே பொருள். பெரியதை மாட்டிப் பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கேட்கும் பதிவையும் மறத்தல் ஆகாது. நம் வீட்டு முதியோர் விரும்பிக் கேட்கும் பழைய 78 சுற்று இசைத்தட்டுப் பாடல்களில் உயர்ந்த அதிர்வுகள் பதிவாகவே இல்லை. பதிவாகாத ஒன்றை எந்த விலையுள்ள கருவியும் மீட்டுத் தராது. தட்டின் கீறல் ஒலியைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும். அட்டைப் பெட்டியின்மேல் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டும் மயங்க வேண்டா. மனிதச் செவியின் எல்லை இளமையிலேயே 20,000 ஹெர்ட்ஸ்; வயது ஏற ஏற அதுவும் இறங்கும். அதற்கு மேற்பட்டதைக் கேட்க வௌவால்தான் வர வேண்டும்.

இனி, பணத்தைவிடப் பெரிய செய்திக்கு வருவோம். மும்பையின் மின்தொடர் வண்டியிலும் தில்லி மெட்ரோவிலும் பெங்களூருப் பேருந்திலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் செல்கின்றனர். சுற்றுப்புற இரைச்சலை வெல்வதற்காக ஒலியளவை ஏற்றுகின்றனர். ஒலி கசியும் மலிவுக் கருவியாயின் இன்னும் ஏற்றுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, பெரியோர் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 80 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது. சிறுவர்க்கு அந்த அளவு 75 டெசிபல். டெசிபல் கணக்கு நம் ரூபாய்க் கணக்கு போன்றதன்று. மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். கேட்கத் தகுந்த நேரம் பாதியாகும். 83 டெசிபலுக்கு வாரம் 20 மணி. 86க்குப் பத்து மணி. 89க்கு ஐந்து மணி. 92க்கு இரண்டரை மணியே. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் 92 டெசிபலில் கேட்கும் இளைஞன் வாரத்துக்குரிய அளவைச் செவ்வாய்க்கிழமையே முடித்துவிடுகிறான்.

உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மட்டுமே. அவை மடிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. வலியும் தோன்றுவதில்லை, இரைச்சலால் நேரும் கேடு முதலில் மேற்சுருதி ஒலிகளைத்தான் கவர்ந்துகொள்கிறது. பேச்சு கேட்கும், ஆனால் கூட்டத்தில் சொல் விளங்காது. அந்நிலை வந்தபின் இருபதாயிரத்துக்கும் நானூறுக்கும் வேறுபாடு காண்பது எங்ஙனம்?

பணம் உண்மையாகவே பயன் தருவது இந்த இடத்தில்தான் என்பது நம் கருத்து. வெளி இரைச்சலைக் குறைத்தால் ஒலியளவை ஏற்ற வேண்டிய தேவையும் குறைகிறது. நன்கு பொருந்திய ரப்பர் நுனியே இதில் பாதி வேலையைச் செய்துவிடும். மற்றொரு வழி, கருவியிலுள்ள மைக் வெளி ஓசையை வாங்க, அதற்கு நேர் எதிரான அலையை ஒலிப்பான் எழுப்பி அதனை அழிப்பது. பால் லூயக் என்ற ஜெர்மானியர் இக்கருத்துக்கு 1936இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வண்டியின் உறுமல், விமானத்தின் இரைச்சல், ஏ.சி.யின் முணுமுணுப்புப் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஓசைகளை இது நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை அவ்வளவாக அடக்காது. முன்பு பெருவிலைக் கருவிகளில் மட்டும் இருந்த இவ்வசதி இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. விலையுயர்ந்தவை இதனை இன்னும் திறம்படச் செய்கின்றன என்பதும் உண்மையே. ஆனால் ஒன்று: தண்டவாளத்தையும் சாலையையும் கடக்கும்போது இதனைக் கழற்றிவிட வேண்டும். வெளி ஓசை கேளாதிருப்பதே அதன் வேலை அல்லவா?

கம்பியில்லாக் கருவியை வாங்குவோர் மின்கலத்தின் ஆயுளையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். அவ்வளவு சிறிய மின்கலம் நாள்தோறும் ஏறி இறங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பிரித்து மாற்றுவதற்கும் எளிதன்று. 2019இல் ஏர்பாட்ஸ் ப்ரோ நம் நாட்டுக்கு வந்தபோது அதன் விலை 24,900 ரூபாய். மூன்றாண்டு உழைத்தது என்று கொண்டாலும் ஆண்டுக்கு எண்ணாயிரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பக்கத்தைத் தொலைத்துவிட்டால் கணக்கே வேறு. கம்பி மாற்றத்தக்க இரண்டாயிரம் ரூபாய்க் கருவியோ, கம்பி அறுந்தால் வேறு கம்பியோடு தொடர்ந்து உழைக்கும். கைப்பேசியில் செருகு துளை இல்லையெனின் அதற்குரிய சிறு இணைப்பு சில நூறு ரூபாய்தான்.

இசையையோ ஒலிப்பதிவையோ தொழிலாகக் கொண்டோருக்கும், நாள் முழுதும் வீட்டிலிருந்தே அலுவலக அழைப்புகளில் பேசுவோருக்கும், மாதந்தோறும் பலமுறை விமானம் ஏறுவோருக்கும் விலையுயர்ந்த இயர்போன் தொழிற்கருவி. அவர்கள் வாங்குவதை நாம் குறை கூறோம். ஏனையோர்க்குக் கம்பியுள்ளதாயின் இரண்டாயிரம் மூவாயிரம், கம்பியில்லாததாயின் ஐயாயிரத்தை ஒட்டிய தொகை போதும் என்பது நம் முடிபு.

எஞ்சும் பணத்துக்கு ஒரு செலவும் சொல்வோம். ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் தாத்தாவோ பாட்டியோ, தொலைக்காட்சியின் ஒலியை ஏற்றி வைப்பதும் கூப்பிட்டால் திரும்பாதிருப்பதும் பல வீடுகளில் உண்டு. 2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் பதிப்பைச் செவித்துணைக் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இசைவு அளித்தது; அது லேசானதும் நடுத்தரமானதுமான செவிக்குறை உள்ள பெரியோர்க்கே உரியது. அதனை வாங்குமுன் முறையான செவிச் சோதனை செய்துகொள்வது நலம். மும்பை பாந்திராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. கொல்கத்தாவிலும் நொய்டாவிலும் செகந்திராபாத்திலும் அதற்குக் கிளைகள் உள்ளன. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் உள்ளது. தாத்தாவை அழைத்துச் செல்லும் நாளில், இருபதாயிரம் ரூபாய்க் கருவி கேட்கும் பேரனையும் உடன் அழைத்துப் போய் அவன் செவியையும் சோதித்து வரலாம்.