ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா?

பெருநாள் நெருங்க நெருங்க வீட்டிலுள்ள பழைய சாமான்கள் எல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் படத் தொடங்கிவிடும். விறாந்தையில் கிடக்கும் இரும்புக் கதிரை, கறள் பிடித்த பூச்சாடித் தாங்கி, மூத்த பிள்ளை ஓடி முடித்து இளைய பிள்ளைக்காகக் காத்திருக்கும் சின்னச் சைக்கிள். பாஸ் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுமளவுக்குப் பெரிய வேலையுமல்ல, அப்படியே விட்டுவிட மனமும் வராது. ஹாட்வெயார் கடைக்குப் போய் ஸ்ப்ரே டின் ஒன்றை வாங்கி வந்து, குலுக்கி, அடித்துவிடுகிறீர்கள். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால், மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு பக்கம் வர்ணம் கண்ணீர் போல வடிந்து நிற்கிறது. இன்னொரு பக்கம் மணல் தூவியது போலச் சொரசொரக்கிறது. ஒரு மாதம் கழிய, கறள் பழையபடி தலை நீட்டுகிறது.

"டின் சரியில்லை" என்று கடைக்காரரைக் குறை சொல்வதுதான் வழக்கம். பெரும்பாலும் குற்றம் டின்னில் இல்லை. முச்சக்கர வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் டிங்கர் கடையொன்றில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். அங்குள்ள பாஸ் ஸ்ப்ரே கன்னைக் கையிலெடுக்கும் நேரம் மிகக் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் அவர் தேய்க்கிறார், கழுவுகிறார், துடைக்கிறார், பட்டி வைக்கிறார், மறுபடி தேய்க்கிறார். நாம் வீட்டில் இந்தப் பகுதியைத்தான் அப்படியே விட்டுவிடுகிறோம். மெல்லிய ஸ்ப்ரே வர்ணம் மேடு பள்ளத்தை மூடிவிடாது. பளபளப்பான வர்ணமாக இருந்தால் அடியிலுள்ள ஒவ்வொரு கீறலையும் இன்னும் எடுப்பாகக் காட்டித் தரும்.

இந்த டின்னின் பிறப்பே அவசர வேலைக்காகத்தான் நடந்தது என்பது ஒரு சுவையான செய்தி. 1949 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி, தனது அலுமினிய நிறப் பூச்சை வாடிக்கையாளர்களுக்குச் சுலபமாக அடித்துக் காட்ட ஒரு வழி தேடினார். ஸ்ப்ரே டின்னில் பெயின்டை அடைத்தால் என்ன என்று யோசனை சொன்னவர் அவரது மனைவி. அந்த யோசனைதான் இன்று நமது கையில் இருக்கிறது. டின்னுக்குள் பெயின்ட், கரைப்பான், அமுக்கத்திலுள்ள வாயு ஆகிய மூன்றும் இருக்கின்றன. குலுக்கும்போது "கடகட" என்று சத்தமிடுவது, அடியில் படிந்த வர்ணத்தைக் கலக்குவதற்காகப் போட்டிருக்கும் சிறு குண்டு. அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று, இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். சத்தம் கேட்டவுடன் நிறுத்திவிடுபவர்களுக்கு முதலில் வருவது தண்ணீர் போன்ற கரைப்பான்தான்.

முதலில் சவர்க்காரம், பிறகு தேய்ப்பு

பலர் வாங்கி வந்த சேண்ட் பேப்பரை எடுத்து நேரே தேய்க்கத் தொடங்குகிறார்கள். அது தவறு. எண்ணெய்ப் பசை இருக்கும்போது தேய்த்தால் அந்தப் பசை கீறல்களுக்குள் இறங்கிவிடும். நமது வீட்டுக் கதிரைகளில் இது பெரிய விடயம். தலை சாயும் இடத்தில் வருடக்கணக்கான தேங்காயெண்ணெய் ஊறியிருக்கும். கைபிடியிலும் அப்படியே. அதன் மேல் பெயின்ட் அடித்தால், வர்ணம் அந்த இடத்தை விட்டு ஒதுங்கி, மீன் கண் போலச் சின்னச் சின்ன வட்டங்கள் விழும். எத்தனை தடவை மேலே அடித்தாலும் அந்த வட்டங்கள் மூடாது. ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் திரவமோ சவர்க்காரத் தூளோ போட்டு இரண்டு தடவை நன்றாகக் கழுவுங்கள்.

கல்முனை, காத்தான்குடி, புத்தளம், பேருவளை போன்ற கரையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு இரும்பில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால், உப்பு ஈரத்தை இழுத்து, அடியிலிருந்தே கறளை வளர்க்கும். சில மாதங்களில் வர்ணம் கொப்புளம் போல எழும்புவது இதனால்தான். நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவி, முழுதாக உலர விடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

பிறகுதான் தேய்ப்பு. கறளைக் கம்பித் தூரிகையாலும் 80 இலக்கச் சேண்ட் பேப்பராலும் வெள்ளையிரும்பு தெரியும் வரை எடுங்கள். பிறகு 180, கடைசியாக 320. இலக்கம் கூடக் கூடத் தாள் நைசாகும். 80 போட்ட கீறலின் மேல் நேரே பெயின்ட் அடித்தால் கீறல்கள் அப்படியே தெரியும். பழைய வர்ணம் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை முழுதாகக் களையத் தேவையில்லை. அதன் பளபளப்புப் போகுமளவுக்குத் தேய்த்தாலே போதும்.

ஆனால், பிள்ளைக் கட்டில், பழைய இரும்புக் கட்டில், பாட்டன் காலத்து யன்னல் கம்பி இவற்றைத் தேய்க்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். முன்னைய காலத்துப் பெயின்டுகளில் ஈயம் கலந்திருந்தது. இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்கு வரம்பு விதிக்கும் கட்டளை 2011 இல் வெளியாகி 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய வர்ணத்தை உலர்வாகத் தேய்த்தால் அந்த ஈயம் தூளாகிப் பறந்து, நிலத்தில் தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. ஆகவே தண்ணீரில் பாவிக்கும் கறுப்பு நிறச் சேண்ட் பேப்பரை வாங்கி, நனைத்து நனைத்துத் தேயுங்கள். தூசு பறக்காது. சேற்றைத் துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டி அகற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் ஊற்றிவிடாதீர்கள். வர்ணம் பல படையாக உரிந்து கிடக்கும் பிள்ளைக் கட்டில் என்றால், வீட்டில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது என்பேன்.

தேய்த்த இரும்பை அன்றைக்கே பிரைமர் அடித்து மூடிவிட வேண்டும். நமது ஊர்க் காற்றில் வெறும் இரும்பு ஓர் இரவிலேயே சிவந்துவிடும். இரும்புக்கு ரெட் ஒக்சைட் பிரைமர் போதும். அலுமினியத்துக்கும் நாகம் பூசிய தகட்டுக்கும் அது சரிவராது, அவற்றுக்கென்றே வேறு பிரைமர் உண்டு. பிளாஸ்டிக்குக்கும் தனி. கடையில் கேட்கும்போது "பிரைமர் தாங்க" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பொருளுக்கு என்றும் சொல்லிக் கேளுங்கள்.

டின்னில் எழுதாத வானிலை

ஸ்ப்ரே பெயின்ட் எல்லாவற்றையும் விட அதிகம் கவனிப்பது நமது காற்றைத்தான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் கூடியிருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனித்துளி போல நீர் படியும். கறுப்பு வர்ணம் பால் தெளித்தது போல வெளிறிப் போவதற்கு இதுவே காரணம். மழை பெய்து விட்ட அந்தக் குளிர்ச்சியான மாலை வேளை பெயின்ட் அடிக்க இதமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் அது மிக மோசமான நேரம். அதிகாலையும் அப்படியே. வெயில் ஏறி, காற்றிலிருந்த ஈரம் குறைந்த பிறகு, காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் நிழலில் வைத்து அடிப்பது நல்லது. நேர் வெயிலில் சூடேறிய இரும்பில் அடித்தால் வர்ணம் பரவுமுன்னே காய்ந்து தோடம்பழத் தோல் போலாகும்.

கிழக்கில் இருப்பவர்களுக்குக் கச்சான் காற்றுக் காலம் வேறு விதமான தொல்லை. அந்தச் சூடான உலர் காற்றில் பெயின்ட் துளிகள் பொருளைத் தொடுமுன்னே பாதி காய்ந்து, தூளாக விழுந்து சொரசொரப்பாகிவிடும். காற்று அடங்கிய நாளுக்குக் காத்திருங்கள். அடிக்குமுன் நிலத்தில் தண்ணீர் தெளித்தால் புழுதி எழும்பாது. இரவில் லைட் வெளிச்சத்தில் மட்டும் வேண்டாம், ஈர வர்ணத்தில் வந்து ஒட்டும் பூச்சிகளை எண்ணி முடியாது.

கை நகரட்டும்

இப்போது டின்னை எடுக்கலாம். பொருளுக்கும் டின்னுக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 25 சென்ரிமீற்றர் அளவில் தூரம் இருக்க வேண்டும். கிட்டப் போனால் வடியும், தள்ளிப் போனால் சொரசொரக்கும். மணிக்கட்டை ஆட்டி விசிறி போல அடிக்காதீர்கள், நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும் விழும். தோளிலிருந்து முழுக் கையும் பொருளுக்குச் சமாந்தரமாக நகர வேண்டும். இதில் முக்கியமானது எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பது. கை நகரத் தொடங்கிய பிறகு, பொருளின் ஓரத்துக்கு வெளியிலேயே அழுத்துங்கள். மறு ஓரத்தைத் தாண்டிய பிறகு விடுங்கள். பொருளின் மேல் வைத்து அழுத்தினால் முதலில் துப்பும் பெரிய துளிகள் அங்கேதான் விழும். ஒவ்வொரு வரியும் முன்னைய வரியின் பாதியை மூடிச் செல்லட்டும். முதலில் ஒரு பழைய கடதாசிப் பெட்டியில் பத்து வரி அடித்துப் பழகினால் கை தானாக வசப்படும்.

முதல் பூச்சு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அடியிலுள்ள பிரைமர் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். அதைக் கண்டு பொறுக்காமல் "இன்னும் கொஞ்சம்" என்று அந்த இடத்திலேயே அடிப்பதால்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வடிகிறது. பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மறுபடி பத்து நிமிடம் விட்டு மூன்றாவது. மூன்று, நான்கு மெல்லிய பூச்சில் நிறம் தானாக நிரம்பிவிடும். கதிரையாக இருந்தால் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தையும் கால்களையும் முதலில் முடியுங்கள். சைக்கிள் கம்பி போன்ற உருண்டையான பகுதிகளுக்குக் குறுக்காக அடிக்காமல் நீளப்பாட்டில் அடித்தால் பெயின்ட் வீணாவது குறையும்.

அடுத்த பூச்சுக்கு எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும் என்பது டின்னில் சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் வாசிப்பதில்லை. சில எனமல் டின்களில் "ஒரு மணித்தியாலத்துக்குள், அல்லது 24 மணித்தியாலத்துக்குப் பின்" என்ற கருத்தில் எழுதியிருக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே இன்னும் இளக்கமாக இருக்கும். அப்போது அடித்தால் புதிய கரைப்பான் உள்ளே இறங்கி, முழுவதும் கிழவரின் தோல் போலச் சுருங்கிவிடும். பழைய எனமலின் மேல் லேக்கர் அடித்தாலும் இதே கதிதான். சந்தேகமென்றால் பொருளின் மறைவான மூலையில் முதலில் அடித்து ஒரு நாள் பாருங்கள்.

வடிந்துவிட்டால் விரலால் துடைக்கவே கூடாது. அப்படியே விடுங்கள். இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு, 600 இலக்கத் தாளை ஒரு சிறு மரத்துண்டில் சுற்றி, தண்ணீர் தொட்டு வடிந்த இடத்தை மட்டும் மட்டமாக்கி, மேலே ஒரு மெல்லிய பூச்சு அடித்தால் தழும்பு தெரியாது. வெளிறிப் போனதையும், மறுநாள் நல்ல வெயில் நேரத்தில் இன்னொரு மெல்லிய பூச்சு அடித்துப் பெரும்பாலும் சரிப்படுத்தலாம்.

தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் கதிரையில் ஏறி உட்கார்ந்துவிடாதீர்கள். உள்ளே இறுகி முடிய ஒரு கிழமையாவது வேண்டும். பெருநாள் ஞாயிற்றுக்கிழமை என்றால், அதற்கு முந்திய வாரத்திலேயே வேலையை முடித்திருக்க வேண்டும்.

400 மில்லிலீற்றர் டின்னொன்று ஒரு கதிரைக்குச் சரியாக இருக்கும். அலுமாரி, கேட் போன்ற பெரியவற்றுக்கு டின் டின்னாக வாங்குவது காசைக் கொட்டுவதுதான். தூரிகையால் பூசுங்கள், அல்லது கொம்ப்ரஸர் வைத்திருக்கும் பாஸிடம் கொடுத்துவிடுங்கள்.

மூச்சும் நெருப்பும்

அறைக்குள், குளியலறைக்குள் வைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் ஆவி தலைச்சுற்றையும் வாந்தியையும் தரும். லேஞ்சியை மூக்கில் கட்டுவதால் ஒரு பயனுமில்லை. துணியும் சாதாரண முகக்கவசமும் ஆவியைத் தடுக்கமாட்டா, அதற்குக் கரி வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று அடியுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமாக்காரரும் பிள்ளைகளும் அந்தப் பக்கமே வேண்டாம். கூட்டுக் கிளி இருந்தால் அதையும் அப்பால் கொண்டுபோய் வையுங்கள். டின்னில் 2கே என்று எழுதியிருந்தால் அது இரு கலவைப் பெயின்ட். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடியது. வீட்டு வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

வர்ணத்தை வெளியே தள்ளும் வாயு இன்று பெரும்பாலும் நாம் சமைக்கும் காஸின் இனந்தான். முன்பிருந்த சீ.எப்.சீ. வாயுக்கள் ஓசோன் படையை அரிப்பது தெரிந்து, 1987 இன் மொன்றியல் உடன்படிக்கையோடு கைவிடப்பட்டன. இப்போதுள்ளது ஓசோனைத் தொடாது, ஆனால் தீப்பற்றும். காற்றை விடக் கனமானதால் நிலத்தோடு பரவும். குசினி அடுப்பு, நுளம்புத்திரி, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரின் சிகரெட், இவை எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

மிச்சமுள்ள டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காஸ் வரும்வரை அழுத்தினால் மூக்கு அடைபடாது, அடுத்த தடவைக்கும் உதவும். 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறவிடக் கூடாது என்பதால் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தீர்ந்துபோன டின்னில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். சத்தம் வராவிட்டாலும் உள்ளே வாயு மிஞ்சியிருக்கும். வளவில் குப்பை கூட்டி எரிக்கும்போது அது அந்தக் குவியலுக்குள் போய்விட்டால் குண்டு போல வெடிக்கும், பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் உம்மாவோ பிள்ளைகளோதான். காலி டின்னைத் துளைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். உலோகக் கழிவோடு தனியாக வைத்து, நகரசபை, பிரதேசசபைக் குப்பை வண்டிக்காரரிடம் இன்னதென்று சொல்லியே கொடுங்கள்.