வலிக்காமல் பழுதாகும் சிறுநீரகம்



பல் பழுதானால் இரவு முழுக்கத் தூங்க விடாது. காதுக்குள் சீழ் வைத்தால் அழுகையே வந்துவிடும். ஆனால் முதுகுப் பக்கத்தில், கீழ் விலா எலும்புகளுக்கு அருகே இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் தங்கள் வேலைத்திறனில் பாதியை இழந்த பிறகும் பெரும்பாலும் வலிப்பதில்லை. நம் இலங்கையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தவிக்க வைத்திருக்கும் சிறுநீரக நோயைப் பற்றி இன்று பேசுவோம்.

ஒரு நாளில் 180 லீற்றர்

வளர்ந்தவர் ஒருவரின் சிறுநீரகம் மூடிய கைப்பிடி அளவுதான் இருக்கும். எடை ஏறக்குறைய 150 கிராம். அதற்குள் சிறுநீரகத்திகள் என்னும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் பத்து இலட்சம் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் குருதியிலிருந்து ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் அரை லீற்றர் போத்தலால் அளந்தால் 360 போத்தல்! ஆனால் வெளியே போகும் சிறுநீரோ ஒன்று தொடக்கம் இரண்டு லீற்றர்தான். மீதி எங்கே போனது?

பொங்கலுக்கோ நத்தாருக்கோ வீட்டைத் துப்புரவாக்கும்போது அம்மா என்ன செய்கிறார்? அறையில் உள்ளதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே கொண்டு போகிறார். சிறுநீரகத்தியும் அப்படித்தான். முதலில் நீர், உப்பு, குளுக்கோசு, யூரியா எல்லாவற்றையும் வடித்து விடுகிறது. பிறகு நுண்குழாய்கள் வழியாக வேண்டியதைக் குருதிக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வேண்டாத கழிவு சிறுநீராகப் போகிறது.

சிறுநீரகத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. குருதியமுக்கத்தைச் சீராக வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. செங்குழியங்களை உண்டாக்கும்படி எலும்பு மச்சைக்கு ஓமோன் அனுப்புகிறது. எலும்பை உறுதியாக்கும் விற்றமின் டி-யைச் செயற்படவும் வைக்கிறது. எனவே சிறுநீரகம் செயலிழந்தால் சிறுநீர் மட்டும் குறைவதில்லை. குருதிச்சோகை வரும், எலும்பு பலவீனமாகும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். பொற்றாசியம் குருதியில் அளவுக்கு மீறித் தேங்கினால் இதயமே நின்றுபோகலாம்.

மதவாச்சியில் ஒரு புதிர்

உலகெங்கும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் முதல் இரண்டு காரணங்கள் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும். ஆனால் 1990களில் நம் நாட்டின் வட மத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கத்து வைத்தியர்கள் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் நெல் விவசாயிகள். அவர்களிடம் நீரிழிவும் இல்லை, உயர் குருதியமுக்கமும் இல்லை. சிறுநீரகத்தில் சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது ஒரு துப்புக் கிடைத்தது: முக்கியமான சேதம் நுண்குழாய்களிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதியிலும் இருந்தது.

யார் குற்றவாளி? நிலத்தடி வன்னீரா? அதிலுள்ள புளோரைட்டா? பூச்சி, களைக் கொல்லி மருந்துகளா? கட்மியம் போன்ற உலோகங்களா? கொளுத்தும் வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா? உலக சுகாதார நிறுவனமும் நம் சுகாதார அமைச்சும் சேர்ந்து ஆராய்ந்தன. பல காரணங்கள் கூடி இந்நோயை உண்டாக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரே காரணம் இதுதான் என்று இன்னும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல் சல்வடோர், நிக்கரகுவா கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடமும், இந்தியாவில் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே போன்ற நோய் இருக்கிறது.

விடை கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதல்லவா? அதனால் கிராமங்களில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் மழைநீர்த் தாங்கிகளும் வந்தன. 2021இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே ஒரு பெரிய வைத்தியசாலை திறக்கப்பட்டது.

வத்தளையில் என்ன கவனம்?

வத்தளையிலுள்ள நாம் களனி கங்கைக்கும் முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்கும் அருகில் வாழ்கிறோம். பெருமழையில் தெருவில் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதல்ல. அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்தால், லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா காலிலுள்ள காயம் வழியாக உடலுக்குள் நுழையலாம். அதுதான் எலிக்காய்ச்சல். கடுமையானால் சில நாட்களிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மதவாச்சி நோய் வருடக்கணக்கில் மெல்ல வருவது. இது திடீரென வருவது. ஆனால் உடனே சிகிச்சை செய்தால், திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் பெரும்பாலும் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே வெள்ளத்தில் விளையாடாதீர்கள். வெள்ளத்தில் இறங்கியவருக்குக் காய்ச்சல், தசைவலி, கண் சிவப்பு வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போய், வெள்ளத்தில் இறங்கியதையும் சொல்ல வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தசைகள் வேலை செய்யும்போது கிரியற்றினின் என்ற கழிவு உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். குருதியில் அது கூடினால் வடிகட்டல் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்றும் பார்ப்பார்கள். பெரும்பாலும் குருதியில் கிரியற்றினின் ஏறும் முன்பே இது காட்டிக் கொடுத்துவிடும். ஸ்கான் எடுத்தால் சிறுநீரகம் சுருங்கியிருப்பதும், கல் இருப்பதும் தெரியும்.

முற்றாகச் செயலிழந்தாலும் வழி உண்டு. 1943இல், ஜேர்மன் படைகள் பிடித்து வைத்திருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர் செலோபேன் குழாயைக் கொண்டு குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தைச் செய்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் அநேகர் பிழைக்கவில்லை. அவர் கைவிடவில்லை. 1945இல் ஒரு பெண்மணி பிழைத்தார். இன்று கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள தேசிய சிறுநீரக வைத்தியசாலை உட்பட நாட்டின் பல இடங்களில் அந்தச் சிகிச்சை நடக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரமளவு இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க வேண்டும். பொருத்தமான ஒருவர் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தால் மாற்றுச் சிகிச்சையும் செய்யலாம். ஆரோக்கியமானவருக்கு ஒன்றே போதும்.

உங்களுக்கு மூன்று வேலை

ஒன்று, வீட்டில் அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ நீரிழிவு இருந்தால், சிறுநீரும் கிரியற்றினினும் எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இரண்டு, நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் வைத்தியரைக் கேட்காமல் நாள்கணக்காக வலி மாத்திரை போடுபவர்களைத் தடுங்கள். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம்.

மூன்று, இந்த நோய் உள்ளவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா சிகிச்சைக்குப் போகும் நாளில் தவறவிட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். பிறகு இருவருமாக விஞ்ஞானம் நன்றாகப் படியுங்கள். மதவாச்சிப் புதிருக்கு முழு விடை சொல்ல ஆட்கள் இன்னும் தேவைப்படுகிறார்கள்.