தாம்பரத்தின் பேரேட்டைப் புரட்டுவோம்!

ஆண்டு முடிந்தால் கணக்கு முடிக்க வேண்டும். தாம்பரம் சண்முகம் சாலையில் கடை வைத்திருக்கும் வணிகருக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வரவு என்ன, செலவு என்ன, கடன் நின்றது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பேரேட்டைப் புரட்டிக் கூட்டிக் கழித்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும். ஒரு கடைக்கு உள்ள இந்த ஒழுங்கு ஒரு மாநகருக்கு வேண்டாமா என்று கேட்கிறோம்.

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 விழுக்காடு வளர்ந்தது என்று மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் கணக்குச் சொன்னது. மகிழ்ச்சி! தமிழன் உழைப்பு வீண்போகவில்லை என்று மார்தட்டிக் கொள்வோம், தவறில்லை. ஆனால் அந்த வளர்ச்சியில் தாம்பரத்தின் பங்கு என்ன? பல்லாவரத்தின் பங்கு என்ன? பம்மலும் அனகாபுத்தூரும் வளர்ந்தனவா, தேய்ந்தனவா?

விடை கிடைக்காது. நாட்டுக்குக் கணக்கு உண்டு, மாநிலத்துக்கு உண்டு, மாவட்டத்துக்கும் உண்டு. நகரத்துக்கென்று அப்படியொரு வருமானக் கணக்கு ஆண்டுதோறும் வெளிவருவதில்லை. மறைமலைநகரின் ஆலைகளும் சிறுசேரியின் கணினிக் கூடமும் சேர்ந்த செங்கற்பட்டு மாவட்டக் கணக்கில் தாம்பரம் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடுகிறது. ஆகவே, நமக்குத் தெரிந்ததைக் கொண்டு நாமே பேரேட்டைப் புரட்டுவோம்.

2021 நவம்பரில் பிறந்தது தாம்பரம் மாநகராட்சி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாயின. 70 வார்டுகள். மாநகராட்சி என்ற பெயர் புதிது, ஊரோ பழையது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆய்வாளர் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். கல்லைச் செதுக்கி வேலை செய்த கையே இந்த மண்ணின் முதல் தொழிலாளியின் கை!

அந்தக் கையை அடுத்து வந்த தொழில்களைப் பாருங்கள். குரோம்பேட்டை என்ற பெயரே, குரோமிய உப்பால் தோல் பதனிட்ட ஆலை ஊருக்கு இட்ட பெயர். அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த துணி ‘மதராஸ் கைக்குட்டை’ என்ற பெயரோடு கப்பலேறி நைஜீரியா வரை சென்றது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை எழுந்தது. 1961இல் அது வெளியிட்ட ஹெரால்டு கார், அந்நாளில் வசதி படைத்தோர் வீட்டு வாசலின் பெருமை. 1984இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் தொடங்கப்பட்டது. 2003இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆயிற்று. காலையில் அந்த நிலையத்தில் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாக மின்சார ரயிலிலிருந்து இறங்கும் பெண்கள் கூட்டம், இந்நாட்டின் அந்நியச் செலாவணி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும்.

சரி, இவ்வளவு தொழில் வந்ததே, ஊருக்கு மிஞ்சியது என்ன?

தோல் ஆலைகள் வேலை கொடுத்தன. கூடவே கழிவுநீரையும் கொடுத்தன. கிணறு கெட்டது, நிலம் கெட்டது. 1996இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் மீது தீர்ப்பளித்தபோது, அன்றைய செங்கை மாவட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. ‘மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும்’ என்ற நெறியை நாட்டுக்கு நிலைநாட்டிய தீர்ப்பு அது. கார் ஆலை 1980களின் இறுதியில் கதவை மூடியது; அந்த இடத்தில் இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் மின்னுகின்றன. நைஜீரியச் சந்தை கைநழுவியது. தறிச் சத்தம் கேட்ட தெருக்களில் சத்தம் அடங்கிற்று. எஞ்சிய நெசவாளர் சிலர் வாழைநாரைப் பருத்தியோடும் பட்டோடும் சேர்த்து நெய்து, இன்றும் தங்கள் கைத்திறனைக் காட்டி வருகிறார்கள். கைவிட்டது சந்தையேயன்றி அவர்களின் கை அல்ல!

“மனை விலை ஏறவில்லையா? மாடிக்கு மேல் மாடி எழவில்லையா? அது வளர்ச்சி இல்லையா?” என்று சிலர் கேட்பார்கள். ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. சொந்த வீட்டுக்காரருக்கு அது செல்வம். வாடகை வீட்டுக்காரருக்கோ அது சுமை. சம்பளம் ஒரு படி ஏறும்போது வாடகை இரண்டு படி ஏறினால், அந்தக் குடும்பத்தின் பேரேட்டில் அது வரவா, செலவா? மேலும், ஏரியைத் தூர்த்து எழுப்பிய வீட்டின் விலையை மழை ஒரே இரவில் இறக்கிவிடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் மூழ்கியதே, மறந்துவிட முடியுமா? சேலையூரும் செம்பாக்கமும் சிட்லபாக்கமும் ஏரிகளால் வாழ்ந்த ஊர்கள். ஏரியைக் காப்பதும் வணிகத்தைக் காப்பதுதான். நனைந்த சரக்குக்கு யார் விலை கொடுப்பார்?

இனி மாநகராட்சியின் பெட்டிக்கு வருவோம். சாலை போட, சாக்கடை கட்ட, குப்பை அள்ள, விளக்கெரிக்கப் பணம் வேண்டும். அதற்குச் சொந்த வருவாய் என்று பெரிதாக இருப்பவை சொத்துவரியும் தொழில்வரியும்தான். 2022இல் சொத்துவரி உயர்ந்தது. ஓட்டு வீட்டுக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். தொழில்வரியின் கதை என்ன? ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு. அந்த உச்சவரம்பு 1988இல் வைத்தது! அதன்பின் அரிசி விலை ஏறவில்லையா? தார் விலை ஏறவில்லையா? மாதம் 30,000 ரூபாய் வாங்குகிறவரும் 2,500. 3 லட்சம் வாங்குகிறவரும் அதே 2,500. இது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. இந்த நகரின் நடுவே விமானப்படைத் தளம் இருக்கிறது. ரயில்வேக்குப் பரந்த நிலம் இருக்கிறது. நாட்டுக்கு வேண்டியவை; நமக்கும் பெருமை. ஆனால் மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது என்கிறது 285ஆவது பிரிவு. வரி இல்லாவிட்டாலும் சேவைக் கட்டணம் உண்டு என்ற ஏற்பாட்டை 2009இல் உச்சநீதிமன்றம் பதிவு செய்தது. முழுச் சேவை பெற்றால் சொத்துவரியில் 75 விழுக்காடு. ஓரளவு பெற்றால் பாதி. எதுவுமே பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் தாம்பரத்துக்குச் சேரவேண்டியது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு என்பதை மாநகராட்சி மக்கள் முன் வைக்கட்டும். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

கணக்கில் ஏறாத வணிகத்தையும் சொல்லாமல் விடலாகாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகாதவர் இப்பகுதியில் உண்டா? பழைய நாற்காலி, சைக்கிள் உதிரி, செடி, புறா, கைப்பேசி என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை. ஏழை வீட்டுக்கு மேசை வருவதும் அங்கிருந்துதான். இன்னொரு ஏழைக்கு அன்றைய கூலி கிடைப்பதும் அங்குதான். தாம்பரம் நிலைய வாசலில் மாலையில் பூ விற்கும் அம்மாவும் கொய்யாக்கூடை இறக்கும் பெரியவரும் இந்நகரின் வணிகர்களே. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள்தொட்டு, இறங்கும் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் வாழ்வு இது. 2014ஆம் ஆண்டின் தெருவணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் தெருவணிகருக்கே என்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. கணக்கெடுத்துச் சான்று தருமுன் அகற்றக்கூடாது என்றும் சொல்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் பயணிகளின் போக்கே மாறியது. பேருந்து இடம் மாறினால் பயணி நடந்துகொள்வார். கூடைக்காரி எங்கே போவார்? திட்டம் தீட்டுவோர் அவரையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டாமா?

நாம் கேட்பவை பெரியவை அல்ல. ஆண்டுக்கொருமுறை தாம்பரத்தின் பொருளாதாரக் கணக்கை, வார்டு வாரியாக, எளிய தமிழில் அச்சிட்டு வெளியிடுங்கள். எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை பேருக்கு வேலை, என்ன கூலி, எத்தனை தறி ஓடுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சேவைக் கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள். தொழில்வரி உச்சவரம்பைத் திருத்தி, குறைந்த கூலிக்காரரை விட்டுவிட்டு மேல்சம்பளக்காரரிடம் கூடுதலாகப் பெற டில்லியில் குரல் எழுப்புங்கள். தெருவணிகருக்குச் சட்டம் தந்ததைத் தாருங்கள்.

கணக்கு எழுதாத கடை, லாபத்தில் ஓடுகிறதா நட்டத்தில் ஓடுகிறதா என்பது முதலாளிக்கே தெரியாது. தாம்பரம் என்ற இந்தப் பெருங்கடைக்கு முதலாளிகள் இங்கே வாழும் மக்கள். அவர்கள் பேரேட்டைக் கேட்கிறார்கள். எடுத்துக் காட்டுங்கள்!