ஏழாம் கட்டளையும் கடைக் கணினியும்

நம் பங்குக் குடும்பங்கள் பல, சிறு அச்சகம், ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை போன்ற தொழில்களால் வாழ்கின்றன. தராசில் குன்றிமணி குறைந்தாலும் மனம் உறுத்தும் நல்லவர்கள் இவர்கள். ஆயினும் சிலருடைய கடைக் கணினியில், விலை கொடாமல் படியெடுத்த மென்பொருள் இயங்குகிறது. "எல்லாரும் செய்வதுதானே, சாமி?" என்று நம்மிடம் கேட்போரும் உளர்.

களவை விலக்கும் ஏழாம் கட்டளை, கைக்கு அகப்படும் பொருளுக்கு மட்டும் உரியதன்று. பிறருடைய அறிவின் உழைப்பும் அவருக்குரிய உடைமையே. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதிக் காக்கிறது.

அப்படியாயின் குறைந்த முதலுடையவர் என் செய்வது? நேரிய வழி ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருளை ஆக்கியோர், அதைப் படியெடுக்கவும் பிறருக்கு வழங்கவும் தாமே உரிமை எழுதித் தந்துள்ளனர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸும் இதற்கு அடித்தளமாயின. கடிதத்துக்கும் கணக்கு அட்டவணைக்கும் லிப்ரே ஆபீஸ், அச்சுப் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், படம் திருத்த கிம்ப் என்று வேண்டியவை கிடைக்கின்றன.

ஒரே நாளில் அனைத்தையும் மாற்றுவது விவேகமன்று. முதலில் எல்லாக் கோப்புகளையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். அடுத்து, இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸை நிறுவிச் சில வாரங்கள் பழகுங்கள். பின்னர் பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, பிரிண்டரும் ஸ்கேனரும் இசைகின்றனவா என்று பாருங்கள். கணினியில் உள்ளதை அழிக்காமலே இவ்வாறு சோதிக்கலாம். டாலி விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது; அதன்பொருட்டு ஒரு கணினியை முறையான உரிமத்தோடு வைத்துக்கொள்வதில் இழுக்கில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த அழைப்பிதழ்களை யூனிகோடுக்கு மாற்றி வைத்தால், எந்தக் கணினியிலும் படிக்க இயலும்.

விலையில்லை என்பதால் செலவேயில்லை என்று எண்ணவேண்டாம். பழகுவதற்கு நாள் செல்லும். வேலையும் சற்றுத் தாமதப்படும். நிறுவித் தரும் இளைஞருக்கு நியாயமான கூலி தருவதும் கடமையே.

கடையில் தொழில் பயிலும் பிள்ளை, முதலாளியின் சொல்லைவிட அவர் செய்கையையே கற்கிறது. ஞாயிறன்று மறைக்கல்வியில் நாம் கற்பிப்பதை, திங்கள் முதல் சனி வரை அக்கடை பொய்யாக்காமல் இருக்கட்டும்.